பிடிக்க வேண்டியது ஐந்து, விட வேண்டியது ஒன்று: அசெம்பிளியில் சுழலும் பாகங்கள்

கணினி வடிவமைப்பு மென்பொருளில் பாகங்களைச் சேர்த்து உருவாக்கும் எந்திர மாடலான அசெம்பிளி முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை) மவுஸால் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுழல வேண்டிய புல்லி, ஷாஃப்ட் என்ற சுழல்தண்டின் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போய், தண்டைத் தாங்கும் பேரிங்கையும் வெளிக்கூடான ஹவுசிங்கையும் ஊடுருவி மறுபக்கம் வெளியே வந்து நிற்கலாம். புல்லி மட்டும் சுழன்று, அது ஏறி உட்கார்ந்திருக்கும் ஷாஃப்ட் அசையாமல் இருக்கலாம். அல்லது எதுவுமே அசையாமல், இந்தப் பாகத்தை நகர்த்த முடியாது என்று ஒரு செய்தி மட்டும் வரலாம். பார்க்க மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அசல் எந்திரத்தில் இந்தப் பாகத்தை எது பிடித்திருக்கிறது என்ற கேள்வியைக் கேட்காமல் கட்டுகளை, அதாவது பாகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நிபந்தனைகளை, போட்டது.

எதையும் தொடாமல் அந்தரத்தில் மிதக்கும் ஒரு திடப்பொருள் ஆறு விதமாக அசையும். மூன்று திசைகளில் நகரும்; அதே மூன்று திசைகளை அச்சாகக் கொண்டு சுழலும். பொறியாளர்கள் இதை டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்பார்கள். இங்கே அசைவு என்றே வைத்துக்கொள்வோம். சுழலும் பாகத்துக்கு இந்த ஆறில் ஐந்தைப் பறித்து ஒன்றை விட வேண்டும். ஷாஃப்ட்டின் உருளைப் பரப்பு பேரிங்குகளில் உட்காரும்போது நான்கு அசைவுகள் போய்விடுகின்றன: பக்கவாட்டில் இரண்டு நகர்வு, சாய்வதற்கான இரண்டு சுழற்சி. அச்சின் வழியே முன்னும் பின்னும் ஓடுவதை ஷாஃப்ட்டின் தோளோ (விட்டம் பெரிதாகும் படி), காடியில் மாட்டும் சர்க்ளிப் என்ற வளையமோ தடுக்கிறது. மிச்சம் இருப்பது தன் அச்சில் சுழல்வது மட்டும். அந்த ஷாஃப்ட்டின் மேல் ஏறும் புல்லிக்கு அந்த ஆறாவதும் கிடையாது. கீ என்ற சிறு உலோகத் துண்டும் அது உட்காரும் கீவே என்ற காடியும் அதை ஷாஃப்ட்டோடு பூட்டிவிடுகின்றன. எந்திரத்தில் சுழல்வது ஷாஃப்ட். புல்லி அதோடு கூடப் போகிறது, அவ்வளவுதான்.

நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே விதி இதுதான்: மாடலில் போடும் ஒவ்வொரு கட்டுக்கும் எதிரே அசல் எந்திரத்தில் ஒரு பேரிங்கோ, தோளோ, கீயோ, போல்ட்டோ இருக்க வேண்டும். இனி சொல்லப்போகும் எல்லாம் இந்த விதியிலிருந்து கிளைப்பதுதான்.

மேட்டும் ஜாயின்ட்டும்

மென்பொருள்கள் நம்மிடம் கட்டுகளைக் கேட்கும் விதம் இரண்டு. முதலாவது வடிவியல் வழி. இந்த உருளையும் அந்தத் துளையும் ஒரே அச்சில் இருக்கட்டும், இந்த முகமும் அந்த முகமும் ஒட்டட்டும் என்று பரப்புகளைச் சுட்டிக்காட்டிச் சொல்கிறோம். சாலிட்வொர்க்ஸ் மென்பொருளின் கான்சென்ட்ரிக் (ஒரே அச்சு), கோயின்சிடென்ட் (ஒட்டும் முகங்கள்) என்ற மேட்டுகள் இந்த வகை. ஆட்டோடெஸ்க் இன்வென்டரின் இன்சர்ட் என்ற கட்டு, அச்சையும் முகத்தையும் ஒரே சொடுக்கில் பொருத்தி ஐந்து அசைவுகளைப் பறித்துவிடும். இந்த மரபின் வேர் 1963இல் இருக்கிறது. அந்த ஆண்டு எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை முன்வைத்தார். கோடுகளுக்கு இடையே நிபந்தனைகளைச் சொன்னால் கணினியே அவற்றை நிறைவேற்றும் நிலையைத் தேடிக் கண்டுபிடித்தது. கம்பிகளை இணைத்த ஓர் இயங்கமைப்பையும் அவர் திரையில் அசைத்துக் காட்டினார். இன்றைய அசெம்பிளிகள் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்.

இரண்டாவது வழி கணினிக்கு முந்தையது. ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோ 1875இல் வெளியிட்ட நூலில், எந்திரத்தைத் தனித்தனிப் பாகங்களின் கூட்டமாகப் பார்க்காமல், ஒன்றையொன்று பற்றி அசையும் ஜோடிகளின் சங்கிலியாகப் பார்த்தார். கீல்போல் சுழலும் ஜோடி, தண்டவாளத்தில்போல் வழுக்கும் ஜோடி, திருகு ஜோடி என்று அவை வகைப்பட்டன. ஃப்யூஷன், ஆன்ஷேப் மென்பொருள்களில் ரெவல்யூட் என்றும், கிரியோ மென்பொருளில் பின் என்றும், இன்வென்டரின் ஜாயின்ட் கட்டளையில் ரொட்டேஷனல் என்றும் இருப்பது அந்தச் சுழல் ஜோடியேதான். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 பதிப்பில் முதன்முறையாக உள்ளேயே அமைந்த அசெம்பிளிப் பகுதியும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. இப்படி ஜோடியாகப் போடும் கட்டைத்தான் ஜாயின்ட் என்கிறேன்.

அசையும் எதற்கும் ஜாயின்ட்டே மேல் என்பது என் கருத்து. மேட்டில் எதையெல்லாம் பறித்தோம் என்று நாம் மனதில் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஜாயின்ட்டில் எதை விட வேண்டும் என்று நேராகச் சொல்கிறோம். ஆனாலும் ஜாயின்ட்டில் ஒரு பள்ளம் உண்டு. அது ஒரு புள்ளியையும் ஒரு திசையையும் மட்டுமே கேட்கிறது. துளையின் விளிம்பு வட்டத்தைத் தொட்டு மையத்தை எடுக்கும்போது, அந்த விளிம்பில் 1 மி.மீ. சேம்ஃபர் (சரிவாகச் சீவிய விளிம்பு) இருந்தால் கை தவறி உள்வட்டத்தைத் தொட்டுவிடுவது மிக எளிது. பாகம் அழகாகச் சுழலும். ஆனால் தோளில் உட்காராமல் 1 மி.மீ. தள்ளி நிற்கும். சுழற்றிப் பார்த்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. வெட்டுத் தோற்றத்தில்தான் தெரியும்.

எதன் மீது கட்டுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. விளிம்புகளையும் முகங்களையும் நம்பிக் கட்டினால், நாளை அந்த விளிம்பில் யாராவது ஒரு ஃபில்லட் போட்டு அதை வளைவாக்கும்போது மென்பொருளுக்குத் தான் பிடித்திருந்த விளிம்பு எது என்று தெரியாமல் போகும். பாகத்தின் மூலத் தளங்களையும், வரைந்து வைத்த அச்சையும் பிடித்துக் கட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சுழலும் பாகத்தை வடிவமைக்கும்போதே அதன் சுழல் அச்சை மூல அச்சோடு பொருந்த வைப்பது, பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

யார் யாரோடு சுழல்கிறார்கள்

கட்டு போடத் தொடங்குமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டிய பட்டியல் ஒன்று உண்டு. எந்திரம் ஓடும்போது ஒன்றுக்கொன்று அசையாத பாகங்களை ஒரு குழுவாக எழுதுங்கள். ஷாஃப்ட், கீ, புல்லி, அதை இறுக்கும் நட், பேரிங்கின் உள்வட்டம் எல்லாம் ஒரு குழு. ஹவுசிங், மூடி, மூடியின் போல்ட்டுகள், பேரிங்கின் வெளிவட்டம் எல்லாம் மற்றொரு குழு. நாற்பது பாகங்கள் இருக்கும் ஒரு கியர்பாக்ஸில் இப்படிப் பார்த்தால் அசையும் குழுக்கள் நான்கோ ஐந்தோதான் தேறும்.

ஒவ்வொரு குழுவும் ஒரு துணை அசெம்பிளி. உள்ளே எல்லாம் இறுகக் கட்டியிருக்கும். வெளியே, குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் மட்டுமே சுழல் ஜாயின்ட் வரும். பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. வாங்கும் பொருட்கள், வெட்டும் பொருட்கள் என்று கொள்முதல் வசதிக்காகத் துணை அசெம்பிளிகளைப் பிரிப்பார்கள். அப்போது ஒரே துணை அசெம்பிளிக்குள் சுழலும் பாகமும் நிற்கும் பாகமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். சாலிட்வொர்க்ஸில் துணை அசெம்பிளி மேல் அசெம்பிளிக்குள் வரும்போது, நாம் எதுவும் மாற்றாவிட்டால், ஒரே கட்டியாக நடத்தப்படும். உள்ளே நன்றாகச் சுழன்ற ரோட்டார் (சுழலும் பாகம்) மேலே வந்ததும் கல்லாகிவிடுவது இதனால்தான். அதை ஃப்ளெக்ஸிபிள் என்று மாற்றினால் சுழலும். ஆனால் உள்ளே இருக்கும் கட்டுகள் அனைத்தும் மேல் அசெம்பிளியின் கணக்கோடு சேர்ந்துகொள்வதால் கோப்பு கனக்கும். அசைவுக் குழுக்களாகப் பிரித்திருந்தால் இந்த நிலையே பெரும்பாலும் வராது.

முதலில் வைக்கும் பாகத்தைச் சில மென்பொருள்கள் தரையோடு பதித்துவிடும் பழக்கமும் சிலரை ஏமாற்றுகிறது. ஷாஃப்ட்டை முதலில் வைத்தால் ஷாஃப்ட் நிற்கும், ஹவுசிங் அதைச் சுற்றி வரும். தரையோடு பதிய வேண்டியது எந்திரத்தின் அடித்தளம் மட்டுமே.

பேரிங்கின் குண்டுகளைச் சுழல விட வேண்டுமா என்ற கேள்வியும் வரும். வேண்டாம். பேரிங்கையே வடிவமைப்பவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் குண்டுகளின் ஓட்டத்தால் பயன் இல்லை. ஒவ்வொரு குண்டும் ஆறு அசைவுகளைக் கூட்டிக்கொண்டு வந்து மென்பொருளை மூச்சுத் திணற வைக்கும்.

இரண்டு பேரிங், பத்துக் கட்டு

இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு ஷாஃப்ட், இரண்டு பேரிங். ஒவ்வொரு பேரிங்கிலும் ஒரு சுழல் ஜாயின்ட் போடுகிறோம். ஒவ்வொன்றும் ஐந்து அசைவுகளைப் பறிக்கிறது, ஆகப் பத்து. ஷாஃப்ட்டிடம் இருப்பதோ ஆறுதான். கணக்குப்படி அது அசையவே கூடாது. ஆனால் திரையில் அழகாகச் சுழல்கிறது.

காரணம், திரையில் இரண்டு துளைகளும் துல்லியமாக ஒரே அச்சில் இருக்கின்றன. இரண்டாவது பேரிங் சொல்லும் ஐந்து நிபந்தனைகளும் முதல் பேரிங் ஏற்கெனவே சொன்னவையே. முரண்பாடு இல்லாதவரை மென்பொருள் பொறுத்துக்கொள்கிறது. ஒரு துளையின் உயரத்தை 0.01 மி.மீ. மாற்றிப் பாருங்கள். உடனே சிவப்பில் எச்சரிக்கை வரும். மறுநாள் காலையில் எதையோ தொட்டதும் அசெம்பிளி முழுக்கப் பிழையாகிப் போனது என்று புலம்புவோரில் பாதிப் பேரின் கதை இதுதான். பிழை அன்று காலையில் பிறக்கவில்லை. மிகையாகப் போட்ட கட்டு அதுவரை ஒத்துப்போய்க்கொண்டிருந்தது.

அசல் எந்திரத்தில் இரண்டு துளைகள் ஒருபோதும் துல்லியமாக ஒரே அச்சில் அமைவதில்லை. ஷாஃப்ட்டும் ஒரே நீளத்தில் நிற்பதில்லை. 500 மி.மீ. நீள எஃகு ஷாஃப்ட், ஹவுசிங்கைவிட 50 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 0.3 மி.மீ. நீளும். இரண்டு பக்கமும் தோளால் இறுக்கிப் பிடித்திருந்தால் அந்த நீட்சி முழுவதும் பேரிங்குகளின் மேல் சுமையாக இறங்கும். அதனால்தான் எந்திர வடிவமைப்பில் ஒரு பேரிங்கை அச்சுவழியில் நிலையாகவும், மற்றொன்றை ஓட விட்டும் அமைப்பது நெடுநாள் வழக்கமாக இருக்கிறது.

இதை அப்படியே மாடலில் எழுதலாம். நிலையான பேரிங்கை ஒரு பந்து ஜாயின்ட்டாகப் போடுங்கள். அது மூன்று நகர்வுகளைப் பிடிக்கும், எந்தச் சுழற்சியையும் பிடிக்காது. ஓடும் பேரிங்கில் ஷாஃப்ட்டின் மையப் புள்ளி துளையின் அச்சுக்கோட்டின் மேல் இருக்கட்டும் என்ற ஒரே நிபந்தனையைப் போடுங்கள்; அது இரண்டைப் பிடிக்கும். மூன்றும் இரண்டும் ஐந்து. ஷாஃப்ட்டுக்கு மிச்சம் ஒன்று. மிகை எதுவும் இல்லை. ஹவுசிங்கின் ஒரு துளையை மாற்றினால், பிழை காட்டாமல், ஷாஃப்ட் தானாகச் சற்றுச் சாய்ந்து கொடுக்கும். தானே சரிசெய்துகொள்ளும் பேரிங்குகளில் நடப்பதும் அதுவேதான். அடுத்தவர் உருவாக்கிய மாடலில் இந்த மூன்றும் இரண்டும் என்ற அமைப்பைக் காணும்போதெல்லாம், அவர் அந்த எந்திரத்தைப் புரிந்துகொண்டவர் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

வெறும் படம் வரைவதற்கு இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்கலாம். படத்துக்குத் தேவையில்லை. ஆனால் அதே மாடலை இயக்கப் பகுப்பாய்வுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பேரிங்கிலும் எவ்வளவு விசை விழுகிறது என்று கேட்கும்போது மிகைக் கட்டுகள் பழி வாங்கும். பாகங்கள் வளையாதவை என்று வைத்துக் கணக்கிடும் நிரலுக்கு, மிகையான ஐந்தில் எதைக் கைவிடுவது என்று தீர்மானிக்க எந்த ஆதாரமும் கிடையாது. தன் போக்கில் சிலவற்றை நீக்கிவிடும். இரண்டு கீல் உள்ள கதவை இப்படிச் சோதித்தால், ஒரு கீல் முழு எடையையும் தாங்குவதாகவும் மற்றது எடையில் எதையும் தாங்காததாகவும் விடை வரக்கூடும். எண்கள் நேர்த்தியாகத்தான் இருக்கும். அவற்றை நம்பி ஒரு கீலை எடுத்துவிட்டால் கதவு தொங்கும்.

ஒரே வரியில் சோதிக்க ஒரு கணக்கு இருக்கிறது. க்ரூப்லர், குட்ஸ்பாக் ஆகியோரின் பெயரால் வழங்குவது. தரையைத் தவிர்த்து அசையும் குழுக்களை எண்ணி ஆறால் பெருக்குங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டும் பறிக்கும் அசைவுகளைக் கூட்டி அதிலிருந்து கழியுங்கள். வருவது எந்திரத்துக்கு மிஞ்சும் அசைவு. நான்கு கம்பிகளை முனைகளில் இணைத்த நான்கு கம்பி இயங்கமைப்பில் அசையும் கம்பிகள் மூன்று (நான்காவது தரை), ஆகப் பதினெட்டு. நான்கு சுழல் ஜாயின்ட்டுகள் இருபதைப் பறிக்கின்றன. விடை கழித்தல் இரண்டு. அசலில் அது ஒரு அசைவோடு ஓடுகிறது. எனவே மிகை மூன்று. நான்கில் ஒன்றைப் பந்து ஜாயின்ட்டாகவும், இன்னொன்றைச் சுழலவும் வழுக்கவும் விடும் சிலிண்டிரிக்கல் ஜாயின்ட்டாகவும் மாற்றினால், பறிப்பது பதினேழாகக் குறைந்து கணக்கு சரியாக ஒன்றில் வந்து நிற்கும். பிஸ்டனும் கிராங்கும் உள்ள அமைப்புக்கும் இதே மருந்து பலிக்கும்.

கோணம் புரண்டுபோவது

சுழலும் பாகத்தை ஒரு குறிப்பிட்ட நிலையில் நிறுத்தவோ, படிப்படியாகச் சுழற்றிக் காட்டவோ கோணக் கட்டு போடுகிறோம். 30 டிகிரி என்று கொடுக்கிறோம். கோப்பை மூடித் திறந்தால் பாகம் எதிர்ப்பக்கம் புரண்டு கிடக்கிறது. மென்பொருளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று தோன்றும். ஆனால் அது நாம் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

இரண்டு தளங்களுக்கு இடையே உள்ள கோணத்தை அவற்றின் செங்குத்துத் திசைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது கோசைன் மதிப்பு. கூட்டல் 30க்கும் கழித்தல் 30க்கும் கோசைன் ஒன்றே. எந்தப் பக்கமாக 30 என்ற செய்தி அந்தக் கட்டில் எங்குமே எழுதப்படவில்லை. மென்பொருள் தற்போதைய நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் விடையை எடுத்துக்கொள்கிறது. கோணம் பூஜ்யத்தையோ 180 டிகிரியையோ நெருங்கும்போது இரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிடும். அங்கேதான் புரளுகிறது. 0 முதல் 360 வரை சுழற்றிக் காட்டச் சொன்னால், 180 வரை போய் அதே வழியில் திரும்பி வரும் அசெம்பிளிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

தீர்வு, மூன்றாவதாக ஒரு திசையைக் கொடுப்பது. எந்த அச்சைச் சுற்றி, எந்தப் பக்கம் நேர்த்திசை என்று சொல்லிவிட்டால் கோணத்துக்குக் கூட்டல் கழித்தல் குறி கிடைத்துவிடும். இன்வென்டரில் கோணக் கட்டுக்கு மூன்று விதத் தீர்வுகள் இருக்கின்றன. அவற்றில் எக்ஸ்ப்ளிசிட் ரெஃபரன்ஸ் வெக்டர் என்பது இதற்காகவே வந்தது. ஜாயின்ட் வழியில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் சுழல் ஜாயின்ட்டுக்கு அச்சும் திசையும் பிறக்கும்போதே இருக்கின்றன. கதவு, நெம்புகோல், ரோபோக் கை போன்று முழுச் சுற்று சுற்றாதவற்றுக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளையும் அதே ஜாயின்ட்டில் எழுதிவிடலாம். அசலில் அந்த எல்லையில் ஒரு தடுப்பு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

நிறுத்துவதற்காகப் போட்ட கோணக் கட்டை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு பொதுவான தவறு. அது அசல் எந்திரத்தில் இல்லாத கட்டு. வரைபடத்துக்காக ஒரு நிலை வேண்டுமென்றால், அந்தக் கட்டைத் தனியாகப் பெயரிட்டு, தேவையில்லாதபோது அணைத்து வைக்கலாம். ஆன்ஷேப்பில் நிலைகளுக்குப் பெயர் வைத்துச் சேமிக்கும் வசதியே இருக்கிறது.

பற்கள்

கியர் உறவு என்பது இடத்தைப் பற்றிய கட்டே அல்ல. இது இவ்வளவு சுழன்றால் அது அவ்வளவு சுழலட்டும் என்ற விகிதம் மட்டுமே அது. பற்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, ஊடுருவுகின்றனவா என்று அதற்குத் தெரியாது. பற்களே இல்லாத இரண்டு வெறும் வட்டுகளுக்கும் கியர் உறவு போடலாம், அழகாகச் சுழலும். எனவே பற்கள் சரியாகப் பொருந்தும் நிலையை உறவு போடுவதற்கு முன்பே நாம் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 2, பற்கள் 20ம் 40ம் என்று இரண்டு கியர்களை எடுத்துக்கொள்வோம். மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 60 மி.மீ. இரண்டையும் வரையும்போது ஒரு பல் கிடைமட்டக் கோட்டில் நேராக வலப்பக்கம் பார்க்கும்படி வரைந்திருக்கிறோம். இடப்பக்கக் கியரின் அந்தப் பல், வலப்பக்கக் கியரைப் பார்த்து நிற்கிறது. 40 என்பது இரட்டை எண் என்பதால் வலப்பக்கக் கியருக்கு இடப்புறத்திலும் சரியாக ஒரு பல் இருக்கும். பல்லும் பல்லும் மோதுகின்றன. 40 பல் கியரில் ஒரு பல்லின் பங்கு 9 டிகிரி. அதில் பாதியான 4.5 டிகிரி அதைத் திருப்பினால் பள்ளம் பல்லுக்கு எதிரே வந்துவிடும். அதே கியருக்கு 41 பற்கள் இருந்தால் எதிர்ப்புறத்தில் தானாகவே பள்ளம்தான் வரும், திருப்ப வேண்டியதே இல்லை. இதை அறியாமல் கண்ணால் பார்த்து மவுஸால் நகர்த்திப் பொருத்துவோர் உண்டு. அப்படிப் பொருத்தியதில் எப்போதும் ஒரு சிறு ஊடுருவல் மிச்சமிருக்கும். பின்னால் குறுக்கீடு சோதிக்கும்போது நூறு பிழைகளுக்கு நடுவே அது ஒளிந்துகொள்ளும். கோணக் கட்டு போட்டு 4.5 என்று எழுதி, பொருந்தியதும் அதை அணைத்துவிட்டு, பிறகு விகிதத்தைப் போடுவதே முறை.

கோள் கியரில் கதை இன்னும் நுணுக்கமானது. நடுவில் 24 பல் சூரியக் கியர், சுற்றி 18 பல் கோள்கள் மூன்று, வெளியே 60 பல் வளையம். வளையம் நிற்க, கோள்களைத் தாங்கும் கேரியர் சுற்றுகிறது. சூரியன் 3.5 சுற்று சுற்றினால் கேரியர் ஒரு சுற்று சுற்றும். இப்போது சூரியனுக்கும் கோளுக்கும் 24க்கு 18 என்று விகிதம் கொடுக்கிறோம். எதைப் பொறுத்த சுழற்சி அது?

பற்களின் விகிதம் உண்மையாவது கேரியரின் மேல் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மட்டுமே. ஆன்ஷேப்போல உறவை இரண்டு ஜாயின்ட்டுகளுக்கு நடுவில் போடும் மென்பொருளில், சூரியனின் சுழல் ஜாயின்ட்டை ஹவுசிங்கோடு போட்டு, கோளின் ஜாயின்ட்டைக் கேரியரோடு போட்டால், கேரியரின் ஒரு சுற்றில் கோள் தன் ஊசியின் மேல் 4.67 முறை சுழலும். உண்மையில் சுழல வேண்டியது 3.33 முறை. ஓடும்போது பற்கள் பற்களுக்குள் புகுந்து செல்வதைத் திரையிலேயே பார்க்கலாம். சூரியன், மூன்று கோள்கள், வளையம் எல்லாவற்றையும் கேரியரோடு சுழல் ஜாயின்ட்டால் கட்டி, விகிதங்களை அவற்றுக்குள் போட்டு, கடைசியாக வளையத்தை ஹவுசிங்கோடு அசையாமல் கட்டினால் எல்லாம் தன் இடத்தில் விழும். இந்த ஒரு மாற்றத்தைக் கண்டுபிடிக்க நான் ஒருமுறை இரண்டு நாள் செலவழித்திருக்கிறேன். விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவறு விகிதத்தில் இருக்கவே இல்லை.

திருகுக்கும் இதே போன்ற உறவு உண்டு. எம்10 சாதாரண மரையில் ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர்வு. சாய்ந்து நிற்கும் இரண்டு ஷாஃப்ட்டுகளை இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கு மட்டும் விகித உறவைப் போடவே கூடாது. இரண்டு ஷாஃப்ட்டுகளும் ஒன்றுக்கொன்று 30 டிகிரி சாய்ந்திருந்தால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் அதன் 0.866 மடங்குக்கும் 1.155 மடங்குக்கும் நடுவே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்கும். கோணத்தில் 4 டிகிரிக்குச் சற்று மேல் வரை முந்தவும் பிந்தவும் செய்யும். ஒன்றுக்கு ஒன்று என்று எழுதிவிட்டால் அந்த அதிர்வு மாடலிலிருந்து மறைந்துபோகும். நடுவில் இருக்கும் சிலுவைத் துண்டை வரைந்து, அதன் கைகளைச் சுழல் ஜாயின்ட்டுகளால் கட்டினால் வேக மாற்றம் தானாக வெளிவரும்.

போல்ட்டுகள்

போல்ட்டும் துளைக்குள் போகும் உருளைதான். அச்சும் தலையின் அடிமுகமும் பொருந்தியதும் அது தன் அச்சில் சுழலத் தயாராக நிற்கும். அது இன்னும் அசையக்கூடியது என்பதைக் காட்ட, சாலிட்வொர்க்ஸில் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வரும். அது கிடக்கட்டும் என்பார்கள் சிலர். நான் பூட்டிவிடச் சொல்வேன். இறுக்கிய போல்ட் எந்திரத்தில் சுழல்வதில்லை. அந்தக் கட்டு உண்மையானது. தவிர, யாராவது தெரியாமல் இழுத்துவிட்டால் அறுகோணத் தலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பி, வரைபடத்தின் தோற்றங்கள் மாறிவிடும். கான்சென்ட்ரிக் மேட்டிலேயே சுழற்சியைப் பூட்டும் பெட்டி இருக்கிறது. ஒரு சொடுக்கு போதும். கிரியோவில் நிலைமை தலைகீழ். அச்சும் முகமும் பொருந்தியதும், மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன் என்று அது சுழற்சியையும் பூட்டிவிடும். போல்ட்டுக்கு அது வரம். ரோட்டாரை அதே முறையில் வைத்துவிட்டு ஏன் சுழலவில்லை என்று தேடுவோருக்கு அது தலைவலி; அங்கே பின் இணைப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தடுமாறும் புள்ளி

எல்லாக் கட்டுகளும் சரியாக இருந்தும், சுழற்றும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாடல் தடுமாறுவதுண்டு. எதிரெதிர்க் கம்பிகள் சம நீளமுள்ள நான்கு கம்பி அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிராங்குகளும் இணையாகச் சுழலும், நடுக்கம்பி சாயாமல் நகரும். நான்கு கம்பிகளும் ஒரே கோட்டில் படுக்கும் தருணத்தில், இரண்டாவது கிராங்க் தொடர்ந்து இணையாகவும் போகலாம், எதிர்த்திசையிலும் திரும்பலாம். இரண்டுமே எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும் விடைகள். மென்பொருள் ஒருமுறை அப்படியும் ஒருமுறை இப்படியும் போகும். சமன்பாடுகளிலேயே அந்த இடத்தில் தெளிவு இல்லை.

அசல் எந்திரத்துக்கும் அந்த இடத்தில் தெளிவு இல்லை. நீராவி ரயில் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் பக்கக் கம்பி இதே அமைப்புதான். ஒரு பக்கக் கம்பி மட்டும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அது இந்தப் புள்ளியைக் கடக்க வேண்டும். அதனால்தான் எஞ்சினின் மறுபக்கத்திலும் ஒரு கம்பி இருந்தது. அதன் கிராங்குகள் முதல் பக்கத்துக்கு 90 டிகிரி தள்ளி அமைந்திருந்தன. ஒரு பக்கம் கோட்டில் படுக்கும்போது மறுபக்கம் செங்குத்தாக நின்று சக்கரத்தைச் சரியான திசையில் தள்ளும். மாடலில் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு பக்கக் கம்பியை மட்டும் வைத்துவிட்டு, சக்கரம் ஏன் பின்னோக்கிப் புரளுகிறது என்று கோணக் கட்டுகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மறுபக்கக் கம்பியையும் அச்சுகளோடு சேர்த்து 90 டிகிரி தள்ளி வையுங்கள். கட்டுகளின் எண்ணிக்கை மிகையாகும்; ஆனால் அவை அசலிலும் இருக்கும் கட்டுகள். மவுஸால் இழுத்தால் முழுச் சுற்றும் ஒரே திசையில் போகும்.